ஒரு காளையின் தசையும் 11 எழுத்துகளும்: வளர்ச்சி மரபணுவைத் தேடிய கதை

பெல்ஜியன் புளூ என்ற இனத்தைச் சேர்ந்த காளையை முதன்முறையாகப் படத்தில் பார்ப்பவர்கள், யாரோ கணினியில் படத்தை மாற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். தோளிலும் முதுகிலும் தொடையிலும் தசை உருண்டு திரண்டு நிற்கும். தோல் மிக மெல்லியதாக இருப்பதால் ஒவ்வொரு தசையும் தனித்தனியே தெரியும். நன்கு வளர்ந்த காளையின் எடை 1,000 கிலோகிராமைத் தாண்டும். பல ஆண்டுகள் ஜிம்மில் எடை தூக்கிய மாடு போலத்தான் அது காட்சி தரும்.

உண்மையில் அந்தக் காளை எந்தப் பயிற்சியும் செய்வதில்லை. அதற்கு ஊக்கமருந்தும் செலுத்தப்படுவதில்லை. மாட்டின் டிஎன்ஏ ஏறக்குறைய 3 பில்லியன் எழுத்துகள் கொண்ட ஒரு பெரிய நூல். அதில் ஓர் இடத்தில் 11 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. அந்தத் திரண்ட தசைக்கு முக்கியக் காரணம் அதுதான்.

3 பில்லியன் எழுத்துகளுக்குள் அந்த 11 எழுத்துகளை அறிவியலாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தத் தசைக்காக அந்த மாடு கொடுக்கும் விலை என்ன? மற்ற மாடுகள் சில பெரிதாகவும் சில சிறிதாகவும் வளர்வதற்கும் இப்படி ஒரே காரணம்தான் உண்டா? படிவம் 5 உயிரியல் பாடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை எளிதாகவே புரியும்.

பழைய புதிர்

இரட்டைத் தசை கொண்ட மாடுகள் புதியவை அல்ல. ஜார்ஜ் கல்லி என்ற ஆங்கிலேய விவசாயி 1807-லேயே இத்தகைய மாடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐரோப்பாவின் பல பகுதிகளில் சாதாரண மாடுகளுக்கு இடையே அவ்வப்போது இப்படி ஒரு கன்று பிறப்பதுண்டு. பெல்ஜியத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாட்டிறைச்சிக்குத் தேவை கூடியது. விவசாயிகள் தசை மிகுந்த கன்றுகளையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள். சில தலைமுறைகளில் அந்தத் தோற்றமே பெல்ஜியன் புளூ இனத்தின் அடையாளமாகிவிட்டது.

ஆனால் அந்தப் பண்பு தலைமுறைகளுக்கு இடையே எப்படிக் கடத்தப்படுகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. சில நேரம் தாயும் தந்தையும் சாதாரணமாக இருக்க, கன்று மட்டும் தசைக் குவியலாகப் பிறந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் ஹான்செட் 1980-களில் இதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். இது ஒரே ஒரு மரபணுவால் வரும் பண்பு. அதுவும் ஒடுங்கு பண்பு. உங்கள் பாடநூலில் 'ரெசெசிவ்' என்று படித்திருப்பீர்கள். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டும் மாற்றமடைந்த பிரதிகளாக இருந்தால் மட்டுமே பண்பு முழுமையாக வெளிப்படும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் மாடு பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும்.

மெண்டல் பட்டாணியில் செய்த சோதனையை லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்டில் செய்தார்கள். பால் மாடான ஹோல்ஸ்டீன்-பிரீசியனை முதலில் பெல்ஜியன் புளூவுடன் கலந்தார்கள். பிறந்த கலப்பினப் பசுக்களிடம் மாற்றமடைந்த பிரதி ஒன்றும் சாதாரணப் பிரதி ஒன்றும் இருந்தன. அவற்றை மீண்டும் பெல்ஜியன் புளூவுடன் கலந்தார்கள். ஒரே மரபணுதான் காரணம் என்றால், இரண்டாம் முறை பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி இரட்டைத் தசையுடன் இருக்க வேண்டும். கணக்கு அப்படியே பொருந்தியது.

நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்கள்

ஒரு மரபணுதான் என்று தெரிந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது? மனிதருக்கு 23 இணை குரோமோசோம்கள். மாட்டுக்கு 30 இணை. இவற்றில் எதில், எந்த இடத்தில் என்று தேட வேண்டும். மாட்டின் டிஎன்ஏ முழுவதையும் படித்துப் பார்க்கும் வசதி அப்போது கிடையாது. அதனால் ஆய்வாளர்கள் வேறொரு வழியைப் பின்பற்றினார்கள்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் உங்கள் காரிலிருந்து ஒரு பை விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முழுச் சாலையையும் நடந்து தேட முடியாது. ஈப்போவைக் கடந்தபோது பை இருந்தது, பீடோரில் பார்த்தபோது இல்லை என்றால், தேட வேண்டிய தூரம் சட்டென்று குறைந்துவிடும். சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்து அதை இன்னும் குறைக்கலாம்.

குரோமோசோம்களிலும் இப்படிப்பட்ட அடையாளக் கற்கள் உண்டு. டிஎன்ஏயின் சில இடங்களில் மாட்டுக்கு மாடு வேறுபடும் சிறு எழுத்துத் தொடர்கள் இருக்கின்றன. அவற்றை 'மார்க்கர்' என்பார்கள். அவை எந்தப் பண்பையும் உண்டாக்க வேண்டியதில்லை. இடத்தைக் காட்டினால் போதும். பிறந்த ஒவ்வொரு கன்றிலும் இந்த அடையாளங்களைச் சோதிக்க வேண்டும். இரட்டைத் தசைக் கன்றுகள் எல்லாவற்றிலும் ஒரு குறிப்பிட்ட அடையாளம் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருந்து, சாதாரணக் கன்றுகளில் அது வேறாக இருந்தால், தேடும் மரபணு அந்த அடையாளத்துக்கு அருகில்தான் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை தலைமுறை தாண்டும்போதும் சேர்ந்தே பயணம் செய்யும் என்பதே இதன் அடிப்படை.

1995-இல் லியேஜ் குழு விடையை வெளியிட்டது. அந்த மரபணு மாட்டின் 2-ஆம் குரோமோசோமில் இருந்தது. நெடுஞ்சாலையில் எந்தப் பகுதி என்று தெரிந்துவிட்டது. ஆனால் பை இன்னும் கைக்கு வரவில்லை. அந்தப் பகுதிக்குள் பல மரபணுக்கள் இருந்தன.

எலி கொடுத்த துப்பு

மீதித் துப்பு மாட்டு ஆராய்ச்சியிலிருந்து வரவில்லை. அது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செ-ஜின் லீ, அலெக்ஸாண்ட்ரா மெக்பெரன் ஆகியோர், உடலில் செல்கள் வளர்வதைக் கட்டுப்படுத்தும் புரதங்களை ஆராய்ந்து வந்தார்கள். அவற்றில் ஒன்று பெரும்பாலும் தசையில் மட்டுமே உருவானது. அது என்ன வேலை செய்கிறது என்று தெரியவில்லை. ஒரு கருவியின் வேலையை அறிய ஒரு வழி, அதை எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. அந்த மரபணு இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளின் தசைகள் சாதாரண எலிகளின் தசைகளைவிட 2 முதல் 3 மடங்கு எடை கூடியிருந்தன.

அந்தப் புரதம் தசை வளர்ச்சிக்குப் போடப்பட்ட பிரேக் என்பது அப்போது விளங்கியது. 'இவ்வளவு போதும், இனி வளராதே' என்று தசைக்குச் சொல்வது அதன் வேலை. அதற்கு மையோஸ்டாடின் என்று பெயரிட்டார்கள். 1997 மே மாதம் இந்த முடிவு வெளிவந்தது.

லியேஜ் நகரில் மிஷேல் ஜோர்ஜ் தலைமையிலான குழு இதைப் பார்த்ததும் இரண்டையும் இரண்டையும் கூட்டியது. பாலூட்டிகளின் குரோமோசோம்களில் மரபணுக்களின் வரிசை பல இடங்களில் ஒத்திருக்கும். எலியிலும் மனிதரிலும் மையோஸ்டாடின் இருக்கும் இடத்தை மாட்டின் வரைபடத்தோடு ஒப்பிட்டால், அது மாட்டின் 2-ஆம் குரோமோசோமில், அவர்கள் தேடிக்கொண்டிருந்த அதே பகுதியில் வந்து நின்றது. உடனே பெல்ஜியன் புளூ மாட்டின் மையோஸ்டாடின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். அங்கேதான் அந்த 11 எழுத்துகள் விடுபட்டிருந்தன.

அந்த ஆண்டு முடிவதற்குள் பெல்ஜியம், அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் குழுக்கள் தனித்தனியே இதே முடிவை வெளியிட்டன. 190 ஆண்டுப் புதிர், எலியில் துப்புக் கிடைத்த சில மாதங்களில் தீர்ந்தது.

11 எழுத்துகள் போனால் என்ன?

இவ்வளவு பெரிய நூலில் 11 எழுத்துகள் போனால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். டிஎன்ஏயை உடல் எப்படி வாசிக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். புரதம் செய்யும்போது உடல் எழுத்துகளை மூன்று மூன்றாகச் சேர்த்து வாசிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துச் சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்.

தமிழிலேயே முயன்று பார்ப்போம். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்களாக உள்ள ஒரு வாக்கியம்:

அப்பா மரம் நடும் இடம் அழகு

இதில் 'மரம்' என்பதிலுள்ள 'ம' என்ற ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, மீண்டும் மூன்று மூன்றாகப் பிரித்து வாசியுங்கள்:

அப்பா ரம்ந டும்இ டம்அ ழகு

போனது ஓர் எழுத்துதான். ஆனால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே பொருளற்றுப் போய்விட்டது. மூன்று எழுத்துகள் சேர்ந்து போயிருந்தால் ஒரு சொல் மட்டும் குறைந்திருக்கும், மற்றவை தப்பியிருக்கும். 11 என்பது மூன்றால் வகுபடாத எண். அதனால் பெல்ஜியன் புளூவின் மையோஸ்டாடின் மரபணுவில் அந்த இடத்துக்குப் பின் வாசிப்பு முழுவதும் தடம் புரண்டு, 'இங்கே நிறுத்து' என்ற கட்டளை முன்கூட்டியே வந்துவிடுகிறது. புரதத்தின் வேலை செய்யும் பகுதி அதன் கடைசியில் இருப்பதால் அது உருவாகவே இல்லை. வண்டியில் பிரேக் இல்லை. கருவில் இருக்கும்போதே தசை இழைகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. இரட்டைத் தசை மாடுகளில் தசையின் அளவு சராசரியாக 20 விழுக்காடு அதிகம்.

இத்தாலியின் பியெடுமான்டேசே இன மாடுகளுக்கும் இரட்டைத் தசை உண்டு. அவற்றில் எழுத்துகள் எதுவும் காணாமல் போகவில்லை. அதே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறியிருக்கிறது. அது புரதத்தின் வடிவத்துக்கு மிக முக்கியமான ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிடுகிறது. இரு நாடுகளில் இரு வேறு எழுத்துப் பிழைகள், ஒரே விளைவைத் தந்திருக்கின்றன.

தசைக்குக் கொடுத்த விலை

இதுவரை படித்தவர்களுக்கு, 'அப்படியானால் எல்லா மாடுகளுக்கும் இந்த மரபணு மாற்றத்தைக் கொடுத்துவிடலாமே' என்று தோன்றும். லாபம் மட்டுமே கணக்கு என்றால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கில் தாய்ப்பசுவையும் சேர்க்க வேண்டும்.

பெல்ஜியன் புளூ கன்று கருவிலேயே அகன்ற உடலுடன் வளர்கிறது. தாயின் இடுப்பெலும்பு வழியோ குறுகலானது. இதனால் பெல்ஜியத்தில் தூய இனப் பசுக்களின் பிரசவங்களில் 10-க்கு 9-க்கும் மேற்பட்டவை சிசேரியன் அறுவை சிகிச்சை மூலமே நடக்கின்றன. ஆபத்து வந்த பிறகு செய்யும் சிகிச்சையாக இல்லாமல் வழக்கமான நடைமுறையாகவே அது ஆகிவிட்டது. இயற்கையில் இப்படி ஒரு பண்பு தோன்றினால், கன்று ஈன முடியாத பசுவோடு அது அங்கேயே முடிந்துவிடும். கால்நடை மருத்துவரின் கத்தி இருந்ததால் தேர்வு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. இந்த மாட்டினத்தின் விந்தைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கு சுவீடனில் தொடங்கி, 1998-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. விலங்கு நலனில் அக்கறை கொண்டவர்கள் இன்றும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

பியெடுமான்டேசே மாடுகளின் கதை இதிலிருந்து சற்று மாறுபடுகிறது. அங்குள்ள வளர்ப்பாளர்கள் தசையை மட்டும் பார்க்காமல், எளிதாகக் கன்று ஈனும் பரம்பரையையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்த இனத்தில் பெரும்பாலான கன்றுகள் அறுவை சிகிச்சை இல்லாமலே பிறக்கின்றன. பழுதான மரபணு இரண்டு இனங்களுக்கும் பொதுவானது. மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மாடுகளின் வாழ்க்கையையும் மாற்றியிருக்கிறது.

தசையை மட்டுமே பார்ப்பதில் மறைந்திருக்கும் இன்னோர் ஆபத்து 2009-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பெல்ஜியன் புளூ கன்றுகள் சில வளைந்த வாலுடனும் குன்றிய வளர்ச்சியுடனும் பிறந்தன. லியேஜ் ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடியபோது, வேறொரு மரபணுவில் ஒரு பிழையைக் கண்டார்கள். இரண்டு பிரதிகளும் பிழையானால் கன்றுக்கு இந்தக் குறைபாடு வரும். ஒரு பிரதி மட்டும் பிழையானால் மாடு இன்னும் கொஞ்சம் அதிகத் தசையுடன் காணப்படும். விவசாயிகள் 'நல்ல காளை' என்று ஆசையோடு தேர்ந்தெடுத்தவற்றில் பல, இந்தப் பிழையைச் சுமந்தவை. அப்போது அந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு மாடு அதைச் சுமந்துகொண்டிருந்தது. நோயைத் தாங்கள்தான் பரப்புகிறோம் என்பது யாருக்கும் தெரியவில்லை. மரபணு தெரிந்த பிறகு, எளிய டிஎன்ஏ சோதனை மூலம் பிழையுள்ள இரு மாடுகளை இணை சேர்க்காமல் தவிர்க்க முடிந்தது. மரபணுவைத் தேடும் ஆராய்ச்சி எடையைக் கூட்ட மட்டும் உதவுவதில்லை. செய்த தவற்றைக் கண்டு திருத்தவும் உதவுகிறது.

உயரத்துக்கு ஒரே மரபணு போதுமா?

மையோஸ்டாடின் கதையைக் கேட்டவர்கள், வளர்ச்சிக்கு இப்படி இன்னும் நாலைந்து பெரிய மரபணுக்கள் இருக்கும், அவற்றையும் பிடித்துவிட்டால் போதும் என்று எண்ணினார்கள். ஆனால் உங்கள் வகுப்பையே பாருங்கள். மாணவர்கள் உயரமானவர், குள்ளமானவர் என்று இரண்டே பிரிவாக இருப்பதில்லை. நடுவில் எத்தனையோ அளவுகள். மாட்டின் எடையும் உயரமும் அப்படித்தான். தீவனம், வெயில், நோய், தாயின் பால் ஆகிய எல்லாமே அதில் பங்கு வகிக்கின்றன. இவற்றுக்கு நடுவே ஒரு மரபணுவின் சிறு பங்கைத் தனியே பிரித்தெடுப்பது கடினமான வேலை.

எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நியூசிலாந்தில் பெரிய உடல் கொண்ட ஹோல்ஸ்டீன்-பிரீசியன் மாடுகளையும் சிறிய ஜெர்சி மாடுகளையும் கலந்து பிறந்த பசுக்களை ஆராய்ந்தபோது, 14-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி உயரத்தைப் பெரிதும் பாதிக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பகுதியில் 9 மரபணுக்கள் இருந்தன. ஆறு காளைகளின் டிஎன்ஏயில் அந்தப் பகுதியை முழுதாகப் படித்தபோது 9,500-க்கும் மேற்பட்ட எழுத்து வேறுபாடுகள் கிடைத்தன. குற்றம் நடந்த இடத்தில் 9,500 பேர் நிற்பது போன்ற நிலை! ஒவ்வொரு காளையின் விவரத்தோடும் பொருந்தாதவற்றை நீக்க நீக்க, 13 வேறுபாடுகள் எஞ்சின. பிற மாட்டினங்களோடு ஒப்பிட்டபோது இன்னும் 5 விலகின. மீதமிருந்த எட்டில் இரண்டு, பிளாக்-1 என்ற மரபணுவை எந்த அளவுக்கு வேலை செய்ய வைப்பது என்று தீர்மானிக்கும் 'சுவிட்ச்' பகுதியில் இருந்தன. 2011-இல் இந்த முடிவு வெளியானது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெல்ஜியன் புளூவில் புரதமே உடைந்து போயிருந்தது. இங்கே புரதம் நன்றாகத்தான் இருக்கிறது. அது எவ்வளவு உருவாகிறது என்பதில்தான் வேறுபாடு. விளக்கு எரிகிறதா இல்லையா என்பது ஒன்று; வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது வேறு.

பிரேசில் நாட்டின் நெல்லூர் மாடுகளிலும் கன்றின் பிறப்பு எடையை ஆராய்ந்தவர்கள் இதே 14-ஆம் குரோமோசோம் பகுதிக்கே வந்து சேர்ந்தார்கள். பெயரைப் பார்த்ததும் சிலருக்கு ஊர் நினைவுக்கு வரும். ஆந்திராவின் நெல்லூர், ஓங்கோல் வட்டாரத்திலிருந்து கப்பலேறிச் சென்ற மாடுகளின் வழித்தோன்றல்கள்தான் அவை.

58,265 மாடுகள் சொன்ன பாடம்

இதற்கிடையே ஆராய்ச்சிக் கருவிகள் பெரிதும் மாறிவிட்டன. 2009-இல் மாட்டின் முழு மரபுத்தொகுதி வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வளர்ந்த டாமினெட் என்ற ஹெரெஃபோர்ட் பசுவின் டிஎன்ஏதான் அதற்கு அடிப்படை. 25 நாடுகளைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் அதில் உழைத்தார்கள். மாட்டுக்கு ஏறக்குறைய 22,000 மரபணுக்கள் உண்டு என்று மதிப்பிட்டார்கள். அதே காலத்தில், ஒரே சோதனையில் 50,000-க்கும் மேற்பட்ட அடையாளங்களைப் படிக்கும் 'சிப்' விற்பனைக்கு வந்தது. நெடுஞ்சாலையில் இப்போது சில மீட்டருக்கு ஒரு கல் நட்டது போலாயிற்று.

2018-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 58,265 மாடுகளின் உயரத்தையும் டிஎன்ஏயையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு மாட்டிலும் 25.4 மில்லியன் எழுத்து வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்தார்கள்.

இத்தனை ஒப்பீடுகள் செய்யும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. ஒரு நாணயத்தை 10 முறை சுண்டி, 10 முறையும் தலை விழுவது அரிது. 1,024-இல் ஒரு வாய்ப்பு. ஆனால் 5,000 மாணவர்கள் ஆளுக்கு 10 முறை சுண்டினால், ஏறக்குறைய ஐந்து பேருக்கு அது நடந்துவிடும். அவர்களின் நாணயத்தில் சிறப்பு எதுவும் இல்லை. தற்செயல்தான். மில்லியன் கணக்கான எழுத்துகளைச் சோதிக்கும்போதும் பல, தற்செயலாகவே உயரத்தோடு பொருந்துவது போலத் தோன்றும். அதனால்தான் இத்துறையில், தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 20 மில்லியனில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே ஒரு முடிவை ஏற்பார்கள். உயிரியல் பிடிக்கும், கணிதம் வேண்டாம் என்று சொல்லும் மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடுமையான வடிகட்டலைத் தாண்டி, உயரத்தோடு தொடர்புடைய 163 இடங்கள் கிடைத்தன. இந்த 163-ஐயும் கூட்டினாலும் மாடுகளுக்கு இடையிலான உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 விழுக்காட்டைத்தான் விளக்க முடிந்தது. மீதி, சூழலிலும் இன்னும் சிறிய விளைவு கொண்ட எண்ணற்ற மரபணுக்களிலும் பரவிக் கிடக்கிறது. அந்த 163 இடங்களில் பெரும்பாலானவை புரதத்தைச் செய்யும் பகுதியில் இல்லை. பிளாக்-1 போலவே, கூட்டுவதும் குறைப்பதுமான சுவிட்ச் பகுதிகளில்தான் இருந்தன.

இப்படிப்பட்ட பண்பை எப்படி மேம்படுத்துவது? தியோ மியூவிசன், பென் ஹேய்ஸ், மைக்கேல் கோடார்ட் ஆகிய மூவரும் 2001-இலேயே ஒரு வழி சொன்னார்கள். எந்த மரபணு என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்; எல்லா அடையாளங்களின் சிறு சிறு விளைவுகளையும் கூட்டி ஒரு மொத்த மதிப்பெண் கொடுக்கலாம் என்றார்கள். முன்பெல்லாம் ஒரு காளை நல்ல பால் மாடுகளைத் தருமா என்று அறிய, அதன் பெண் கன்றுகள் வளர்ந்து பால் கறக்கும் வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இப்போது பிறந்த கன்றின் மாதிரியை எடுத்தே கணிக்கிறார்கள். அமெரிக்காவில் 2009 முதல் ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு இது அதிகாரபூர்வ நடைமுறை.

மாட்டுக்கும் நமக்கும்

2018 ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. மாட்டின் உயரத்தோடு தொடர்புடைய இடங்களில் பல, மனிதரின் உயரத்தோடும் நாயின் உடல் அளவோடும் தொடர்புடையவை. பிளாக்-1 இருக்கும் பகுதி மனித உயர ஆய்வுகளிலும் இடம்பெற்றிருக்கிறது. பாலூட்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கருவிப் பெட்டியைப் பயன்படுத்துகின்றன.

மையோஸ்டாடினும் அப்படித்தான். 2004-இல் ஜெர்மனி மருத்துவர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். பிறந்தபோதே அவனுடைய தொடைத் தசைகள் திரண்டிருந்தன. நான்கரை வயதில், இரு கைகளையும் நீட்டி ஆளுக்கு 3 கிலோகிராம் எடையைப் பிடித்துக்கொண்டு நிற்க அவனால் முடிந்தது. அவனுக்கு மையோஸ்டாடின் மரபணுவின் இரு பிரதிகளிலும் பிழை இருந்தது. தசை தேய்ந்து போகும் நோயால் வாடும் குழந்தைகளுக்கு இந்தப் பிரேக்கைத் தளர்த்தி உதவ முடியுமா என்று மருந்து நிறுவனங்கள் முயன்று வருகின்றன. முதல் சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை; முயற்சி தொடர்கிறது. மாட்டுத் தொழுவத்தில் தொடங்கிய கேள்வி மருத்துவமனை வரை வந்துவிட்டது.

நம் நாட்டு மாடு

இனி மலேசியாவுக்கு வருவோம். நம் நாட்டின் சொந்த மாட்டினம் கெடா-கிளந்தான். சுருக்கமாகக் 'கேகே' என்பார்கள். உடல் சிறியது. எடையைக் கேட்டால் ஐரோப்பிய விவசாயி சிரிக்கக்கூடும். ஆனால் அது நம் வெயிலையும் ஈரத்தையும் தாங்கும். உண்ணிகளுக்கும் நோய்களுக்கும் எளிதில் பணியாது. கிடைக்கும் சாதாரணப் புல்லை மேய்ந்தே சினைபிடித்துக் கன்று ஈனும். செம்பனைத் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே மேய விடப்படும் மாடுகளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் குணங்களின் அருமை தெரியும்.

மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி, கேகே மாட்டைப் பிராமன் இனத்துடன் கலந்து 'பிரக்மாஸ்' என்ற இனத்தையும், பிரெஞ்சு நாட்டின் சரோலே இனத்துடன் கலந்து 'சரோக்கே' என்ற இனத்தையும் உருவாக்கியது. உடல் பெரிதாக வேண்டும், தாங்கும் சக்தியும் குறையக் கூடாது என்பதே நோக்கம்.

இந்தச் சமநிலையைக் காப்பதில்தான் மரபணு அறிவு பயன்படும். பெரிய உடலைத் தரும் மரபணு கன்றின் பிறப்பு எடையையும் கூட்டுமானால், சிறிய கேகே பசு அந்தக் கன்றை ஈனத் திண்டாடும். பெல்ஜியன் புளூ பசுவின் கதை அந்த எச்சரிக்கையைத்தான் தருகிறது. இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஹோல்ஸ்டீன் மாடுகளை வைத்துத் தயாரித்த மதிப்பெண் பட்டியல், வேறு பரம்பரையில் வந்து வேறு வெயிலில் வாழும் மாட்டுக்கு அப்படியே பொருந்தாது. நம் மாட்டுக்கான பட்டியலை நாம்தான் தயாரிக்க வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது விலை உயர்ந்த இயந்திரம் அல்ல. கன்று பிறந்த நாள், பிறந்தபோது எடை, பால் மறந்தபோது எடை, தாய் யார், தந்தை யார், ஈன்றபோது சிரமம் இருந்ததா என்று ஆண்டுக்கணக்கில் தவறாமல் எழுதி வைத்த குறிப்பேடு வேண்டும். 58,265 மாடுகளின் ஆய்வும், ஒவ்வொரு மாட்டையும் யாரோ ஒருவர் பொறுமையாக அளந்து எழுதியதால்தான் நடந்தது.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்குப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. கால்நடை மருத்துவம், வேளாண் அறிவியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவை நேரடியானவை. டிஎன்ஏ தரவுகள் மலைபோலக் குவிவதால் புள்ளியியலும் கணினி நிரலாக்கமும் தெரிந்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. எந்த வாசலில் வந்தாலும், தொழுவத்தில் நின்று மாட்டைக் கவனிக்கத் தெரிந்தவர்களே நல்ல கேள்விகளைக் கேட்பார்கள். லியேஜ் ஆய்வாளர்களுக்குக் கேள்வியைக் கொடுத்தவர்கள் விவசாயிகள்தானே.

பெல்ஜியன் புளூ காளையின் படத்தை இனி எங்காவது பார்த்தால், அந்தத் தசையோடு நிறுத்திவிடாதீர்கள். அதைப் பெற்ற தாய்ப்பசுவின் விலாவில் இருக்கும் தையல் தழும்பையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எந்த மரபணு எதைச் செய்கிறது என்று அறிவியல் சொல்லிவிடும். எதை வளர்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வருங்காலத்தில் அந்த மேசையில் அமர்ந்து முடிவெடுக்கப் போகிறவர்களில் இன்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவர்களும் இருக்கலாம்.